எட்டு நாளில் ஆறு ஊர் எதற்கு?

எங்கள் மும்பை செம்பூர்க் குடியிருப்புப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியிலிருந்து இத்தாலிச் சுற்றுலாவுக்கான சுற்றறிக்கை வந்திருக்கிறது. ரோம், பிளாரன்ஸ், பொம்பெயி, சொரெண்டோ, அமால்ஃபி, கேப்ரி. எல்லாம் எட்டே நாளில். பொம்பெயிக்கு மூன்று மணி நேரம், மதியச் சாப்பாடும் அதற்குள்தான். எரிமலைச் சாம்பலில் புதைந்துபோன, ஏறத்தாழ 66 ஹெக்டேர் பரப்புள்ள பழைய ரோமானிய ஊர் அது! சுற்றறிக்கையில் தடித்த எழுத்தில் இருப்பது ஒன்றுதான்: சைவ, ஜெயின் உணவு உண்டு.

வெளிநாட்டுச் சுற்றுலாவே வீண் என்ற கட்சியில் நான் இல்லை. "எலிபெண்டாவைப் பார்க்காத பிள்ளைக்கு இத்தாலி எதற்கு?" என்று மாமா ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் பொங்கினார். மும்பைக்குப் பக்கத்துத் தீவிலிருக்கும் அந்தக் குகைக் கோயிலுக்கு அவரும் போனதில்லை. என் கோபம் அந்தப் பட்டியல்மீதுதான். அதில் பொம்பெயிக்குப் பக்கத்து நகரமான நேப்பிள்ஸ் இல்லை.

பொம்பெயியில் 1938இல் தோண்டியெடுத்த ஒரு தந்தச் சிலை நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏறத்தாழ ஒரு சாண் உயரம், உடலெங்கும் நகை, பார்த்தவுடன் தெரியும் இந்திய வேலைப்பாடு. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்து ஊரைப் புதைப்பதற்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. நம் மகாராஷ்டிரத்து போகர்தனில் கிடைத்த தந்தச் சிற்பத்தோடு ஒப்பிட்டு, இதுவும் அந்தப் பக்கத்து வேலையாக இருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. அதே வெடிப்பில் இறந்த ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி, இந்தியா ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் என்ற ரோமானிய நாணயத்தை உறிஞ்சிக்கொள்கிறது என்று எழுதிவைத்தவர். மிளகில் அப்படி என்னதான் இருக்கிறது என்று அலுத்துக்கொண்டவரும் அவர்தான். பொன்னோடு முசிறிக்கு வந்த யவனர் கலம் மிளகோடு திரும்பியதை அகநானூறு பெருமையாகச் சொல்கிறது. விற்றவரின் பெருமையைப் பாடமாகப் படிக்கும் தமிழ்ப் பிள்ளை, வாங்கியவரின் புலம்பலை அவர் ஊரிலேயே கேட்க வேண்டாமா? இதை விட்டுவிட்டுக் கேப்ரியில் படகுச் சவாரியாம்.

கடற்கரைதான் வேண்டுமென்றால் நேப்பிள்ஸ் அருகிலேயே பொஸ்ஸுவோலி இருக்கிறது. கிழக்கிலிருந்து வந்த சரக்கு இறங்கிய பழைய ரோமானியத் துறைமுகம். அங்குள்ள பண்டைய சந்தையில் நிற்கும் மூன்று பளிங்குத் தூண்களில், ஆளுயரத்துக்கும் மேலே, கடற்சிப்பிகள் துளைத்த ஓட்டைகள். நிலம் கடலுக்குள் அமிழ்ந்து மறுபடி எழுந்திருக்கிறது. நிலவியலாளர் சார்லஸ் லயல் 1830இல் தம் நிலவியல் நூலின் முகப்புப் படமாக வைத்தது இந்தத் தூண்களைத்தான். புவியியல் ஆசிரியருக்கு வேறென்ன வேண்டும்?

நேப்பிள்ஸிலிருந்து பொம்பெயி வழியாகச் சொரெண்டோவுக்கு உள்ளூர் ரயில் ஓடுகிறது. மாலை ஆறு மணி நெரிசலில் குர்லா ரயில் நிலையத்தில் ஏறி இறங்கத் தெரிந்த பிள்ளைகளுக்குச் சொகுசுப் பேருந்து எதற்கு?

வரும் பெற்றோர் கூட்டத்தில் நான் கேட்கப்போவது இதுதான்: ரோமில் இரண்டு நாள், மீதி முழுவதும் நேப்பிள்ஸ். பிளாரன்ஸையும் கேப்ரியையும் பிள்ளைகள் பின்னாளில் சொந்தச் சம்பாத்தியத்தில் பார்த்துக்கொள்ளட்டும். மிச்சமாகும் பேருந்து வாடகையையும் படகுக் கட்டணத்தையும் தலைக்கட்டணத்தில் குறைத்தால், வீட்டில் கேட்கவே தயங்கிப் பெயர் கொடுக்காமலிருக்கும் சிலராவது வருவார்கள். உடன்படுகிற பெற்றோர் கூட்டத்தில் என் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.