சுவீடன் அதிகாரிகளின் ஜாந்தர்மரி பிரிட்டிஷ் படையன்று
1911இல் சுவீடன் அதிகாரிகள் பாரசீகத்தில் (இன்றைய ஈரான்) அமைத்த ஜாந்தர்மரி என்ற ராணுவப் பாணிக் காவல்படைதான் பின்னாளில் பிரிட்டிஷாரின் தென் பாரசீகத் துப்பாக்கிப் படை (South Persia Rifles) எனப் பெயர் மாறியது என்று நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டும் வெவ்வேறு படைகள். ஹியால்மார்சன் தலைமையிலான அந்த அதிகாரிகளை, மாகாணச் சாலைகளின் பாதுகாப்புக்காகப் பணியமர்த்தியது தெஹ்ரான் அரசு; அத்தேர்வுக்குப் பிரிட்டனும் ரஷ்யாவும் இசைந்ததும், தெற்கே ஃபார்ஸ் மாகாணத்தில் இருந்த ஜாந்தர்மரியின் செலவுக்குப் பிரிட்டன் பணம் தந்ததும் உண்மையே (குழப்பம் இங்கிருந்துதான் கிளம்பியிருக்க வேண்டும்). ஆனால் 1915 நவம்பரில் ஃபார்ஸின் தலைநகரான ஷிராஸில் பிரிட்டிஷ் கான்சல் (துணைத் தூதர்) ஓ'கானரைக் கைது செய்ததே இந்த ஜாந்தர்மரிதான். பிரிட்டிஷ் அதிகாரி பெர்சி சைக்ஸ் துப்பாக்கிப் படையைத் திரட்டத் தொடங்கியதோ 1916இல். ஃபார்ஸ் ஜாந்தர்மரியில் எஞ்சியிருந்தோர் பிறகு அதில் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். ஈரானிகா இணையக் கலைக்களஞ்சியத்தில் சுவீடன் அதிகாரிகள் குறித்தும் துப்பாக்கிப் படை குறித்தும் தனித்தனிப் பதிவுகள் உள்ளன. இரண்டிலும் படை தோன்றிய ஆண்டையும் அதை அமைத்த அரசையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.