வயசு போடத் தெரியுது, புகை இருக்கான்னு போடத் தெரியாதா?

ஒருத்தருக்கு ஸ்காட்ச் விஸ்கி பாட்டில் ஒண்ணு பரிசா வாங்கணும். கேக்க எவ்ளோ சாதாரணமா இருக்கு! கடை அலமாரி முன்னாடி நின்னு பாருங்க, அப்பத் தெரியும். தங்க எழுத்து, மான் கொம்பு, கோட்டை, யாரோ ஒரு தாத்தாவோட கையெழுத்து, அவர் தொழில் தொடங்கின வருஷம், எல்லாம் லேபிள்ல இருக்கு. சில ஸ்காட்ச்ல புகை வாசம் அடிக்கும், சிலதுல துளியும் இருக்காது. குடிக்கப்போறவர் நாக்குல இது எப்படி இறங்கும்னு உருப்படியா ஒரு வரி இருக்கா? கிடையாது. "மென்மையானது, செழுமையானது, ஆழமானது"ன்னு மூணு சொல் இருக்கும். அந்த மூணையும் உரிச்சுப் பக்கத்து பாட்டில்ல ஒட்டினாலும் ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியாது.

நமக்காக வாங்கினா பரவாயில்ல. பிடிக்கலைன்னா நம்ம பாடு. பரிசுல அந்த வசதி இல்ல. வாங்கிக்கிட்டவர் சிரிச்ச முகமா "ரொம்ப நல்லா இருந்துச்சு"ன்னுதான் சொல்லுவார். வேற என்ன சொல்ல முடியும் அவரால? ரெண்டு மடக்கோட அந்த பாட்டில் அலமாரி மூலைக்குப் போயிரும், குடுத்தவருக்குக் கடைசி வரைக்கும் தெரியவே தெரியாது. அடுத்த தடவையும் அதே மாதிரி ஒண்ணைத்தான் வாங்குவார். இந்தத் தங்கப் பெட்டி வியாபாரம் இவ்ளோ செழிப்பா ஓடறதே அந்த மௌனத்தாலதான். எனக்கு அடிவயிறு எரியறது அதுக்குத்தான்.

முதல் கோபம் லேபிள்ல வயசுன்னு போடற அந்த நம்பர் மேல. "12 குடுத்தா நல்லா இருக்காதுங்க, 18 எடுங்க, அதான் மரியாதை." இதை எத்தனை பேர் வாயால கேட்டாச்சு! கடையில கேக்கற முதல் கேள்வி எவ்ளோ செலவு பண்ணலாம்னு, ரெண்டாவது எத்தனை வருஷம்னு. அவர் வழக்கமா என்ன குடிப்பார்னு ஒருத்தராவது கேக்கறாங்களா?

அந்த நம்பர் என்ன சொல்லுதுன்னு பாப்போம். ஸ்காட்ச்னு பேர் வைக்கணும்னா ஸ்காட்லாந்துலயே வடிச்சு, 700 லிட்டருக்கு மிகாத ஓக் பீப்பாயில, அங்கேயே குறைஞ்சது 3 வருஷம் கிடக்கணும். பாட்டில்ல வயசு போட்டா, உள்ள கலந்திருக்கிறதுல எது ரொம்ப இளசோ அதோட வயசைத்தான் போடணும். அதாவது இத்தனை வருஷமாவது மரத்துக்குள்ள இருந்துச்சுங்கிற சேதி, அவ்ளோதான். எந்த மரம்? போர்பன்ங்கிற அமெரிக்க விஸ்கி இருந்த அமெரிக்க ஓக்கா, ஷெர்ரிங்கிற ஸ்பானிய ஒயின் ஊறின ஐரோப்பிய ஓக்கா? முதல் தடவையா விஸ்கி நிரப்பின பீப்பாயா, நாலாவது தடவை நிரப்பி சாரமெல்லாம் போன பீப்பாயா? ருசியில பெரும்பங்கு அங்கேயிருந்துதானே வருது! ஒண்ணுல வெனிலாவும் தேனும் வரும், இன்னொண்ணுல உலர்ந்த திராட்சை, அத்திப்பழம், கிராம்பு வரும். ரெண்டுலயும் 12 வருஷம்னே போட்டிருக்கும். குடிக்கிறவருக்கு ரெண்டும் வேற வேற உலகம்.

வருஷம் கூடினா விலை கூடறதுக்குக் காரணம் இருக்கு, மறுக்கல. கிடங்குல கிடக்கிற பீப்பாயிலேர்ந்து வருஷத்துக்கு 2 சதவீதம் போல ஆவியாப் போயிடுது. 18 வருஷம் காத்திருந்தவங்க அதுக்குக் காசு கேக்கத்தான் செய்வாங்க. ஆனா அது காத்திருப்புக்கான விலை, ருசிக்கான உத்தரவாதம் இல்ல. அளவுக்கு மீறிக் கிடந்தா மரத்தோட துவர்ப்பு தூக்கிரும். புகை வாசத்துக்காக உயிரை விடற ஆளுக்கு வாங்கறதா இருந்தா இன்னும் மோசம், ஏன்னா வயசு ஏற ஏற புகை மங்கும். ஆர்ட்பெக் 10, லஃப்ராய்க் 10 மாதிரி மூஞ்சியில அடிக்கிற புகைதான் அவருக்கு வேணும். அவர்கிட்ட பெரிய நம்பர்தான் பெருமைன்னு 25 வருஷத்தைக் கொண்டுபோய்க் குடுத்தா, நிறைய செலவு பண்ணி அவருக்குப் பிடிச்சதைக் குறைச்சுக் குடுத்த மாதிரி ஆயிடுது.

இந்தப் புகை விவகாரத்துக்கே தனியா கத்தணும். எங்க அலுவலகத்துல ஒரு மூத்தவர் ஓய்வு பெற்றார். எல்லாரும் காசு போட்டு நல்ல பாட்டிலா ஒண்ணு குடுக்கலாம்னு முடிவாச்சு. மனுஷன் எப்பவும் லேசா இனிப்பு தட்டற சிங்கிள் மால்ட் (ஒரே ஆலையில, மால்ட்ங்கிற முளைகட்டின பார்லியில மட்டும் செஞ்சது) மட்டும்தான் தொடுவார், கூட உக்காந்த எல்லாருக்கும் இது தெரியும். "சாருக்குப் புகை ஆகாதுங்க"ன்னு நான் தொண்டை கிழியச் சொன்னேன். கேட்டாங்களா? "பழகாதவங்கதான் அப்படிப் பேசுவாங்க, அய்லா சரக்குதான் உசத்தி"ன்னு, புகைக்குப் பேர்போன அந்த ஸ்காட்லாந்துத் தீவைச் சொல்லி ஒருத்தர் அடிச்சுப் பேச, மத்தவங்க தலையை ஆட்டிட்டாங்க. சார் மூடியைத் திறந்து முகர்ந்தார். "ஆஸ்பத்திரி வாடை அடிக்குதேப்பா"ன்னார். உடனே சுதாரிச்சு, "ஆனா நல்லா இருக்கு"ன்னு சேத்துக்கிட்டார். இவங்களும் கைதட்டினாங்க. அவங்க மேல வந்த கோபம் எனக்கு இன்னும் அடங்கல. அவரோட நாள் அது! அவருக்கு என்ன பிடிக்கும்ங்கிறதுக்கு மட்டும் அங்க இடமே இல்ல.

அந்த ஆளை மட்டும் திட்டி என்ன பண்ண? லேபிளும் கூட்டு. பீட்ங்கிறது சதுப்பு நிலத்துல செடிகொடியெல்லாம் மக்கி இறுகினது. முளைகட்டின பார்லியை உலர்த்தும்போது அதை எரிச்சா, அந்தப் புகை தானியத்துல ஏறி, வடிச்ச பிறகும் கூடவே வருது. எரிச்சாங்களா இல்லையான்னு சொல்ல ஒரே ஒரு வார்த்தை போதும். நிறைய பாட்டில்ல அது கிடையாது, ஊர்ப் பேரை வச்சு நாமளே யூகிச்சுக்கணுமாம். ஊர்ப் பேர் காலை வாரிவிடும்ங்க. அய்லான்னாலே புகைன்னு நினைச்சா, அதே தீவுல இருக்கிற புன்னஹாவன் ஆலை பெரும்பாலும் புகை இல்லாமத்தான் செய்யுது. புருக்லாடிங்கிற பேர்ல வர்றதும் அப்படித்தான். "தீவு இல்ல, ஹைலேண்ட் மலைப்பக்கம்தானே, பயமில்ல"ன்னு ஆர்ட்மோரை எடுத்தா அதுல புகை இருக்கு. கொஞ்சம் விவரம் தெரிஞ்சவங்க, புகைச் சத்து பத்து லட்சத்துல எத்தனை பங்குன்னு பிபிஎம் கணக்கு சொல்லுவாங்க. அது முளைகட்டின பார்லியில எடுக்கிற அளவு, பாட்டிலுக்குள்ள இருக்கிறதுல எடுக்கிறது இல்ல. லாகவூலினும் கால் ஈலாவும் கிட்டத்தட்ட 35 பிபிஎம் மால்ட்லதான் தொடங்குது. ரெண்டையும் அடுத்தடுத்துக் குடிச்சுப் பாருங்க, ரெண்டும் ஒண்ணுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க.

நிறம் இன்னொரு ஏமாத்து வேலை. வடிச்சு வரும்போது அது தண்ணி மாதிரி நிறமே இல்லாமத்தான் இருக்கும். பீப்பாய்தான் நிறம் குடுக்குது. இத்தோட விட்டா சரி. ஆனா கேரமல் நிறம் சேக்கவும் சட்டம் இடம் குடுக்குது, இ150ஏன்னு அதுக்குப் பேர். கருத்துச் சிவந்திருந்தா பழசு, உசத்தின்னு நம்பி வாங்கறவங்க எத்தனை பேர்! பழைய போர்பன் பீப்பாயில 20 வருஷம் கிடந்தது வைக்கோல் நிறத்துல வெளுத்து நிக்கும், இளசு ஒண்ணு கேரமல் பூசி பக்கத்துல ஜொலிக்கும். ஜெர்மனியில விக்கிற பாட்டில்ல நிறம் சேத்திருந்தா அதை லேபிள்ல எழுதியே ஆகணும். அங்க எழுத முடியுதுல்ல? அதே ஆலை, அதே சரக்கு, வேற நாட்டுக்குப் போகும்போது அந்த வரி மட்டும் எங்க போகுது?

உண்மையைச் சொல்ல வந்தவங்களையும் விடலையே, அதுதான் தாங்க முடியல. 2015-ல காம்பஸ் பாக்ஸ்ங்கிற கலவை நிறுவனம் தன்னோட ரெண்டு விஸ்கிகள்ல என்னென்ன கலந்திருக்கு, ஒவ்வொண்ணும் எத்தனை சதவீதம், எத்தனை வயசுன்னு எல்லாத்தையும் வெளியில சொல்லிச்சு. அது சட்ட விரோதம்னு ஸ்காட்ச் விஸ்கி சங்கத்துக்காரங்க சொல்லிட்டாங்க. இளசோட வயசைத் தவிர வேற வயசைச் சொல்லக் கூடாதாம்! அந்த விவரத்தை எடுக்க வேண்டியதாப் போச்சு. பழசோட வயசை மட்டும் காட்டி ஏமாத்தறதைத் தடுக்கத்தான் அந்த விதி, புரியுது. ஆனா மொத்தத்தையும் திறந்து காட்டறவங்களையும் அதே கம்பால அடிக்கிறது என்ன நியாயம்? புருக்லாடி ஒரு வழி பண்ணியிருக்கு. கிளாசிக் லாடி பாட்டில்ல இருக்கிற எண்ணை அவங்க இணையதளத்துல போட்டா, அந்தக் கலவையில எந்தெந்தப் பீப்பாய் இருக்குன்னு பாக்கலாம். நல்ல காரியம். ஆனா கடையில நின்னுக்கிட்டு எத்தனை பேர் அதைத் தேடுவாங்க?

வயசே போடாம வர்ற பாட்டில்களைப் பத்தி ஒரு வார்த்தை. மட்டம்னு ஒதுக்க வேணாம். அபர்லவர் அபூனாக்ல வயசு கிடையாது, ஷெர்ரி பிரியர்கள் அதைத் தேடித் தேடி வாங்கறாங்க. ஆனா அது பீப்பாயில இருந்த வீரியத்தைத் தண்ணி கலந்து குறைக்காத, 60 சதவீதம் ஆல்கஹாலைத் தொடற கேஸ்க் ஸ்ட்ரெங்த் சரக்கு. தண்ணி ஊத்திக் குடிக்கணும்னு ஒரு வார்த்தை சொல்லாம, எப்பவும் 40 சதவீதம் குடிக்கிறவர் கையில குடுத்தா முதல் மடக்குலயே தொண்டை எரிஞ்சுரும், அதோட பாட்டிலை மூடி வச்சுருவார்.

இன்னொரு திமிர், பல ஆலைச் சரக்கைக் கலந்த விஸ்கியைப் பாத்து "பிளெண்டடா? அதையெல்லாம் பரிசா குடுப்பாங்களா?"ன்னு முகம் சுளிக்கிறது. உலகத்துல விக்கிற ஸ்காட்ச்ல பெரும்பகுதி பிளெண்டட்தான். ஒருத்தர் அதை ரசிச்சுக் குடிக்கிறார்னா அவர் நாக்கு என்ன கேக்குதுன்னு அதுலயே தெரிஞ்சுரும். அவர் வீட்டுல எந்த பாட்டில் சீக்கிரம் காலியாகுதுன்னு பாருங்க, கடைக்காரர்கிட்ட கேக்கறதைவிட அது நூறு மடங்கு உதவும். சிவாஸ் ரீகல் குடிக்கிறவரா? அதோட உயிர்நாடி ஸ்ட்ராத்ஐலா ஆலை, அந்த சிங்கிள் மால்ட்டைத் தேடிக் குடுங்க. டூவர்ஸ்னா அபர்ஃபெல்டி. டீச்சர்ஸ்னா நான் மேல சொன்ன ஆர்ட்மோர், அவர் இத்தனை நாள் ரசிச்ச லேசான புகை அங்கேயிருந்துதான் வருது. ஜானி வாக்கர் பிளாக் லேபிள்ல வர்ற புகையில கால் ஈலாவுக்குப் பங்கு இருக்கு. ஒரு மடக்கு குடிச்சதும் "அட, இது எனக்குத் தெரிஞ்ச வாசமாச்சே"ன்னு அவர் கண்ணு விரியும். எனக்கு அதுதான் மரியாதை. இதைச் சொல்லக் கடையில ஒரு ஆள் இல்லைங்க. பெட்டியைத் தடவிக் காட்டத்தான் ஆள் இருக்கு.

பெட்டின்னதும் ஞாபகம் வருது. காந்த மூடி, உள்ள பட்டுத் துணி, ரெண்டு கிளாஸ், ஒரு சின்னப் புத்தகம். இவ்ளோ சிங்காரிச்சுக் குடுத்தா வாங்கினவருக்குத் திறக்கவே மனசு வராது. காட்சிப் பொருளா வச்சிருவார், "இருக்கட்டும், வருஷம் ஏற ஏற நல்லதுதானே"ன்னு வேற சொல்லுவார். பாட்டிலுக்குள்ள விஸ்கிக்கு வயசு ஏறாது! மரத்தை விட்டு வந்த அன்னைக்கே அது நின்னுருச்சு. 12 வருஷத்தை இன்னும் 12 வருஷம் அலமாரியில வச்சாலும் அது 12-தான். அதுலயும் ஒயின் மாதிரி படுக்க வச்சா, அந்த ஆல்கஹால் கார்க்கையே அரிச்சுரும். நிக்க வைக்கணும்னு அந்தப் பட்டுப் பெட்டியில எங்கேயாவது எழுதியிருக்கா? அவ்ளோ அழகாப் படுக்க வச்சுத்தானே குடுக்கறாங்க!

லேபிளை மாத்தவே முடியாதுன்னு யாரும் சொல்ல வேணாம். 2003-ல கார்டுங்கிற ஆலையோட சிங்கிள் மால்ட்டுக்குக் கிராக்கி கூடி, ஒரே ஆலை சரக்கு பத்தல. அந்த ஆலையை வச்சிருக்கிற டியாஜியோ நிறுவனம் வேற ஆலைகளோட மால்ட்டையும் கலந்து, கிட்டத்தட்ட அதே தோற்றத்துல "பியூர் மால்ட்"னு போட்டு வித்துச்சு. தொழில்ல இருக்கிறவங்களே கொதிச்சு எழுந்தாங்க, டியாஜியோ பின்வாங்கிச்சு. 2009-ல வந்த ஸ்காட்ச் விஸ்கி விதிகள்ல "பியூர் மால்ட்"ங்கிற பேருக்கே தடை விழுந்துச்சு. தொழில்காரங்களுக்கு உறுத்தினதும் ஒரு பேரையே தூக்க முடிஞ்சுதுல்ல? காசு குடுக்கிற நாங்க கேக்கறது நாலு வரிதான். புகை இருக்கா, எவ்ளோ? எந்தப் பீப்பாய்? நிறம் சேத்தீங்களா? கலங்கலாத் தெரியக் கூடாதுன்னு குளிர வச்சு வடிகட்டினீங்களா? இந்த நாலையும் பாட்டில் முதுகுல போடுங்க. போடாம, இன்னொருத்தர் நாக்குக்கு எது பிடிக்கும்னு நம்பரையும் பெட்டியையும் வச்சுக் கண்டுபிடிக்கச் சொல்லாதீங்க.