பெஞ்ச தொடச்சிட்டு போக என்னங்க கஷ்டம்?

இன்னைக்கும் ஜிம்ல அதேதான். ஒருத்தர் பெஞ்ச்ல படுத்து வெயிட் தூக்குற பெஞ்ச் பிரஸ் அடிச்சிட்டு எழுந்து போறாரு, முதுகு அச்சு மொத்தமும் வேர்வையா அதுல தேங்கி நிக்குது, தோள்ல துண்டு தொங்குது, ஆனா தொடைக்க மாட்டாரு. அப்புறம் அந்த துண்டு எதுக்கு?

போன மாசம் எனக்கு தொடையில சின்னதா பரு மாதிரி வந்துச்சு, ரெண்டே நாள்ல வீங்கி சீழ் கட்டி உக்காரவே முடியல. டாக்டர் கேட்ட முதல் கேள்வியே "ஜிம்முக்கு போறீங்களா?"தான். ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ்னு ஒரு பாக்டீரியா, 10 பேர்ல கிட்டத்தட்ட 3 பேர் மூக்குல சும்மாவே இருக்கும், பெஞ்ச், மேட் மேலெல்லாம் நாள் கணக்குல உயிரோட கிடக்கும், ஷேவ் பண்ண கீறல் ஒண்ணு போதும் உள்ள புகுந்துரும். அதுல எம்ஆர்எஸ்ஏ வகையா இருந்துட்டா வழக்கமா குடுக்குற பல ஆன்டிபயாட்டிக் கேக்கவே கேக்காது.

இங்க என்னடான்னா ஒருத்தர் கையில புண்ணு, கட்டு போடாம டம்பெல் தூக்குறாரு. இன்னொருத்தர் "மச்சி துண்டு குடுடா"ன்னு வாங்கி மூஞ்சி தொடைக்கிறாரு, அடப்பாவிகளா, துண்டையுமா பங்கு போடுவீங்க! பெஞ்ச் தொடைக்க கிருமிநாசினி ஸ்ப்ரே இருந்தப்பவும் அடிச்ச அடுத்த நொடியே தொடச்சிருவாங்க, அது கொஞ்ச நேரம் ஈரமா நின்னாதானே கிருமி சாகும், பாட்டில்லயே போட்டிருக்கே, யாரு படிக்கிறா?

இப்ப ஒரு வாரமா அந்த பாட்டிலும் காலி. ஜிம்காரர்கிட்ட கேட்டா "சொல்லியிருக்கேன் சார், வந்துரும்". மாசம் பொறந்தா ஃபீஸ் கேக்க மட்டும் கரெக்டா வர்றீங்களே?