சத்தியவதி செய்தது சரிதான்

"பெத்த பொண்ண விட்டுட்டுக் கிளம்ப எப்படிடி மனசு வந்துச்சு அவளுக்கு?"

'முதல் சபதம்' படித்து முடித்த ராத்திரி அம்மா என்னிடம் கேட்டது. அம்மா மட்டுமில்லை, அந்த நாவலைப் படித்த என் தோழிகள் பலருக்கும் கடைசியில் சத்தியவதி மேல் கோபம்தான். எனக்கு அந்தக் கோபம் வரவே இல்லை.

1964இல் வங்காளத்தில் ஆஷாபூர்ணா தேவி எழுதியது. தமிழில் புவனா நடராஜன். எட்டு வயதில் கல்யாணமாகி, தானாகவே எழுத்துக் கற்றுக்கொண்டு, புருஷனைக் கல்கத்தாவுக்குக் கிளப்பிக்கொண்டு போனவள் சத்தியவதி. மகள் சுவர்ணலதா படிக்க வேண்டும், தன்னைப்போல் ஆகிவிடக் கூடாது என்பதுதான் அவள் ஆசையெல்லாம். அவள் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து, ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் கல்யாணத்தை முடித்துவிடுகிறாள் மாமியார். புருஷனும் அம்மா பேச்சுக்குத் தலையாட்டிவிடுகிறான். சத்தியவதி வீட்டைவிட்டே போய்விடுகிறாள்.

கதை நடப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில். அவள் எங்கே போய் முறையிட்டிருக்க முடியும்? விதவை மறுமணத்துக்கு 1856இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் நடந்த கல்யாணத்தை, பெண் சின்னப் பிள்ளை என்பதற்காக அவிழ்க்க வழியே கிடையாது. உடலுறவுக்குச் சம்மத வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக்கிய 1891 சட்டத்துக்கே கல்கத்தா மைதானத்தில் கூட்டம் கூடி எதிர்த்தார்கள். பெண்ணின் கல்யாண வயது பதினாலு என்று ஆனது 1929இல்.

அந்தக் கால வங்காளத்தில் பெண்களுக்கு எவ்வளவு பயம் ஊட்டி வளர்த்திருந்தார்கள் என்பதற்கு ராசசுந்தரி தேவி போதும். சுயசரிதை எழுதிய முதல் வங்காளப் பெண், கதையில் வருபவர் இல்லை, நிஜமாக வாழ்ந்தவர். முற்றத்தில் நெல்லைக் குதிரை தின்றுகொண்டிருக்கிறது. விரட்ட அவர் வெளியே வரவில்லை. அது கணவனின் குதிரை. அதன் கண்ணில் எப்படிப் படுவது என்று வெட்கப்பட்டு உள்ளேயே ஒளிந்துகொள்கிறார்! இதைப் படித்துவிட்டு நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன், அன்றைக்கு அதற்கு மேல் ஓடவில்லை.

சத்தியவதி வீட்டிலேயே இருந்திருந்தால்? வருஷா வருஷம் ஜமாய் சஷ்டிக்கு, அதாவது வங்காளத்தில் மாமியார் மாப்பிள்ளைக்கு விருந்து வைக்கும் பண்டிகைக்கு, மாப்பிள்ளையை உட்காரவைத்து, விசிறிவிட்டு, மீனும் இனிப்புமாகப் பரிமாறியிருப்பாள். பரிமாறும் ஒவ்வொரு கரண்டியும் அந்தக் கல்யாணத்துக்குச் சம்மதம் சொன்ன மாதிரிதானே? அந்தச் சம்மதத்தைத்தான் அவள் தர மறுத்தாள். அதை நான் கல்நெஞ்சம் என்று சொல்ல மாட்டேன்.

மகள் பட்ட பாடு எனக்குத் தெரியாமலில்லை. அடுத்த நாவலே சுவர்ணலதாவின் கதைதான். ஓடிப்போனவள் மகள் என்று புகுந்த வீட்டில் குத்திக்காட்டுகிறார்கள். தெருவைப் பார்க்க ஒரு வராந்தா வேண்டும் என்று கேட்கிறாள், அதிலும் புருஷன் ஏமாற்றுகிறான். படிக்கும்போது வயிறு எரிகிறது. ஆனால் அந்தப் பழியை ஏன் அம்மா தலையில் போடுகிறோம்? கல்யாணம் செய்து வைத்த பாட்டியும் அப்பாவும் அந்த வீட்டிலேயே சௌக்கியமாகத்தானே இருந்தார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை.

சத்தியவதி சும்மா ஓடிப்போகவும் இல்லை. காசிக்குப் போகிறாள், அங்கே இருக்கும் அப்பாவிடம் கேட்பதற்கு. சின்னப் பெண்ணைக் கட்டிக்கொடுப்பது கௌரிதானம், புண்ணியம் என்று எட்டு வயதில் அவளைக் கட்டிக்கொடுத்தவர் அவர்தான்.