அழுகலுக்கும் கொஞ்சம் மரியாதை கொடுப்போம்

ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினம் வந்தால் போதும், அதே படங்களும் அதே வாசகங்களும் சுற்ற ஆரம்பித்துவிடும். ஒரு மரம் இத்தனை பேருக்கு ஆக்ஸிஜன் தருகிறது, அமேசான் காடு உலகத்தின் நுரையீரல், உலக ஆக்ஸிஜனில் 20 சதவீதம் அங்கிருந்துதான் வருகிறது. நல்ல எண்ணத்தில்தான் பகிர்கிறார்கள். ஆனால் காட்டைக் காப்பாற்ற நாம் சொல்லும் முதல் காரணமே தப்பு என்றால், காட்டை அழிக்க வருகிறவன் அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்வான்.

கணக்கு இதுதான். இலை வெளிச்சத்தில் சர்க்கரை தயாரிக்கும்போது ஆக்ஸிஜனை வெளியே விடுகிறது. சரி. அந்தச் சர்க்கரையில் ஒரு பெரும் பங்கை மரமே சுவாசித்துத் தீர்த்துவிடுகிறது. மிச்சம் இலையாகவும் கட்டையாகவும் வேராகவும் இருந்து, என்றாவது ஒருநாள் விழுந்து மட்குகிறது. மட்கும்போது பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் சேர்ந்து மீதி ஆக்ஸிஜனையும் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. முதிர்ந்த காட்டின் வரவும் செலவும் கிட்டத்தட்டச் சமம். அமேசானிலும் அப்படித்தான்.

பிறகு காற்றில் இருக்கும் 21 சதவீத ஆக்ஸிஜன் எங்கிருந்து வந்தது? மட்காமல் தப்பியதிலிருந்து வந்தது. ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பு சயனோபாக்டீரியா என்ற நுண்ணுயிர்கள் விட்ட ஆக்ஸிஜன் காற்றில் தங்கத் தொடங்கியது. அப்போதிருந்து கடலடிச் சேற்றில் புதைந்துபோன உயிர்ப்பொருள் ஒவ்வொரு துளிக்கும் ஈடான ஆக்ஸிஜன் மேலே மிஞ்சியது. நாம் மூச்சு விடுவது அந்தப் பழைய சேமிப்பிலிருந்து. எல்லாக் காடுகளும் நாளைக்கே எரிந்தாலும் ஆக்ஸிஜன் அளவு நமக்குத் தெரிகிற மாதிரிக் குறையாது. வேறு பல விஷயங்கள் நாசமாகும். மழை முதலில். அமேசானில் பெய்யும் மழையில் கணிசமான பங்கு மரங்களே உறிஞ்சி ஆவியாக்கி மேலே அனுப்பிய நீர். காட்டுக்காக வாதாட இது போதாதா?

என் புகார் இந்தத் தவறான கணக்கோடு முடியவில்லை. உயிர்க்கோளம் (ஆங்கிலத்தில் பயோஸ்பியர்), அதாவது பூமியில் உயிர்கள் வாழும் பகுதி முழுவதும், என்றாலே நமக்குப் பச்சை நிறம்தான் ஞாபகம் வருகிறது. உண்டாக்கும் பாதியை மட்டும் கொண்டாடுகிறோம். பிரித்துப் போடும் பாதி, அதாவது அழுகுவது, மட்குவது, செரிப்பது எல்லாம் நமக்கு அருவருப்பு.

அந்தப் பாதியைக் கணக்கில் சரியாகச் சேர்க்காவிட்டால் என்ன ஆகும் என்று பெரிய செலவில் பார்த்தும் விட்டார்கள். அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் பயோஸ்பியர் 2 என்று ஏறத்தாழ 3 ஏக்கரில் ஒரு கண்ணாடி உலகம் கட்டினார்கள். (பயோஸ்பியர் 1 எது என்று கேட்காதீர்கள், அதில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள்.) உள்ளே மழைக்காடு, சிறு கடல், சதுப்பு நிலம், வயல். 1991 செப்டம்பரில் எட்டுப் பேர் உள்ளே போய்க் கதவை மூடிக்கொண்டார்கள், இரண்டு ஆண்டுகளுக்கு.

ஆக்ஸிஜன் குறைய ஆரம்பித்தது. சுமார் 16 மாதங்களில் 21 சதவீதத்திலிருந்து 14 சதவீதம் சொச்சத்துக்கு வந்துவிட்டது. 4,000 மீட்டர் உயர மலையில் இருக்கும் நிலை. படி ஏறினாலே மூச்சு வாங்கியது, தூக்கம் கெட்டது. 1993 ஜனவரியில் வெளியிலிருந்து ஆக்ஸிஜன் ஏற்ற வேண்டியதாயிற்று.

சுற்றிலும் செடிகொடி இருந்தும் ஏன் இப்படி? காரணம் காலடியில் இருந்தது. விளைச்சல் நன்றாக வரட்டும் என்று மண்ணில் மட்கிய உரத்தைத் தாராளமாகச் சேர்த்திருந்தார்கள். மண்ணின் நுண்ணுயிர்களுக்கு விருந்து. இளம் செடிகள் விடுவதைவிட வேகமாக அவை ஆக்ஸிஜனை இழுத்தன. அப்படியென்றால் அதே அளவு கார்பன் டை ஆக்சைடு கூடியிருக்க வேண்டும், கூடவில்லை. அதைத் தேடியபோதுதான் தெரிந்தது, கட்டடத்தின் கான்கிரீட் அதைக் குடித்து, தனக்குள் கால்சியம் கார்பனேட்டாக மாற்றி வைத்துக்கொண்டிருந்தது. செடிக்குத் திரும்ப வேண்டிய கார்பன் சுவருக்குள் சிக்கிவிட்டது. அதோடு சுற்று அறுந்தது. இதைத் தோல்வி என்று கேலி செய்தவர்கள் நிறையப் பேர். எனக்கு இதைவிடப் பயனுள்ள பாடம் வேறு தெரியவில்லை.

ஆஸ்திரேலியாவில் இதே விஷயம் வேறு உருவில் நடந்தது. 1788-இல் ஐரோப்பியர்கள் அங்கே மாடுகளைக் கொண்டுபோனார்கள். அங்கிருந்த சாணி வண்டுகள் கங்காருவின் காய்ந்த சிறு உருண்டைகளுக்குப் பழகியவை. மாட்டுச் சாணத்தை அவற்றால் சமாளிக்க முடியவில்லை. சாணம் மாதக்கணக்கில் அப்படியே காய்ந்து கிடந்தது, அடியில் புல் செத்தது, ஈக்கள் பெருகின. ஜார்ஜ் போர்னெமிசா என்ற பூச்சியியலாளர் வெளிநாட்டு வண்டுகளைக் கொண்டுவரச் சொல்லி, 1960-களின் பிற்பகுதியில் அவற்றை மேய்ச்சல் நிலங்களில் விட ஆரம்பித்தார்கள். வண்டு சாணத்தை மண்ணுக்குள் புதைத்தது. அதற்குப் பிறகுதான் புல்லுக்கு உரம் போய்ச் சேர்ந்தது.

2018-இல் வெளியான ஓர் ஆய்வு, பூமியின் உயிர்களையெல்லாம் கார்பன் எடையில் கணக்கிட்டது. பாக்டீரியா ஏறத்தாழ 7,000 கோடி டன். விலங்குகள் எல்லாம் சேர்ந்தே 200 கோடி டன். மனிதர்கள் 6 கோடி டன். இதில் நாம் யாரைக் காப்பாற்றுகிறோம், யார் நம்மைக் காப்பாற்றுகிறார்கள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

சந்தேகம் இருந்தால் ஒரு பயறுச் செடியை வேரோடு பிடுங்கிப் பாருங்கள். வேரில் குண்டூசித் தலை அளவுக்கு முடிச்சுகள் இருக்கும். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு புரதத்தின் நிறம் அது. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் இருந்தும் செடியால் அதை நேராக எடுக்க முடியாது. அந்த முடிச்சுக்குள் குடியிருக்கும் பாக்டீரியா உடைத்துக் கொடுக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், அந்த வேலையைச் செய்யும் நொதிக்கு ஆக்ஸிஜன் விஷம். அது அண்டாமல் பார்த்துக்கொள்ளத்தான் அந்தச் சிவப்புப் புரதம்.

அப்போ மரம் நட வேண்டாமா என்று யாராவது கேட்பார்கள். தாராளமாக நடுங்கள். நிழலுக்கும் நீருக்கும் மண்ணுக்கும் நடுங்கள், ஆக்ஸிஜன் கணக்கைச் சொல்லி நட வேண்டாம். அப்புறம், அது உதிர்க்கும் இலையைக் குப்பை என்று கூட்டித் தீ வைக்காமல் அதன் அடியிலேயே விட்டுவிடுங்கள். ஈரமான பருவத்தில் மேல் அடுக்கை விலக்கிப் பார்த்தால், நரம்பு மட்டும் மிஞ்சிய இலைகளும், அவற்றை ஒட்டிப் பின்னிய வெள்ளைப் பூஞ்சை இழைகளும் தெரியும். மரத்தின் அடுத்த இலைக்கு வேண்டிய பாஸ்பரஸும் பொட்டாசியமும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.