கிர்க்வுட்டைப் பாதியாக வெட்டாதீர்கள்

ஹாக்கி, கிரிக்கெட் இரண்டும் ஆடிய ஜிம்மி கிர்க்வுட் எந்த நாட்டுக் கணக்கு என்று நேற்று நடந்த வினாடி வினா சண்டையில் நான் வாயே திறக்கவில்லை. ஆனால் "கிர்க்வுட் பிரிட்டன்காரர், அயர்லாந்து கணக்கில் சேர்க்காதே" என்று ஒருவர் எழுதியதற்கு விழுந்த லைக்குகளைப் பார்த்தபிறகு மனசு ஆறவில்லை.

1988 சியோல் ஒலிம்பிக் ஹாக்கி இறுதிப்போட்டியில் மேற்கு ஜெர்மனியை 3-1 என்று வென்ற பிரிட்டன் அணியில் ஜிம்மி கிர்க்வுட் இருந்தார். சரி, மறுக்கவில்லை. ஆனால் அவர் லிஸ்னகார்வி கிளப்காரர். வட அயர்லாந்தில் இருக்கும் லிஸ்பர்ன் ஊரின் பழைய பெயர் அது. அயர்லாந்துக்கு ஹாக்கி ஆடினார், அயர்லாந்துக்கே கிரிக்கெட்டும் ஆடினார். அயர்லாந்துத் தீவின் வடக்கு பிரிட்டனோடு சேர்ந்தது, தெற்கு தனி நாடு; ஆனால் இந்த இரண்டு ஆட்டத்திலும் வடக்கும் தெற்கும் ஒரே அணி. வடக்கில் உள்ளவர்களுக்கு ஒலிம்பிக் என்று வந்தால் பிரிட்டன் அணியிலும் இடம் உண்டு. 1908-க்குப் பிறகு அயர்லாந்து ஆண்கள் ஹாக்கி அணி ஒலிம்பிக் போனது 2016-இல்தான். அதுவரை அவர் காத்திருக்க வேண்டுமா?

தங்கம் பிரிட்டன் பட்டியலில்தானே இருக்கிறது என்பீர்கள். இருக்கட்டும். பதக்கத்தை நான் கேட்கவில்லை, மனிதரைக் கேட்கிறேன்.

"கிரிக்கெட்டில் என்ன கிழித்தார்?" என்றும் ஒரு கேள்வி. இதுதான் வலிக்கிறது. அயர்லாந்துக்கு டெஸ்ட் அந்தஸ்தே 2017-இல்தான் கிடைத்தது. அவர் காலத்தில் அங்கே கிரிக்கெட்டை நம்பிச் சோறு தின்ன முடியாது. குளிர்காலம் முழுக்க ஹாக்கி, கோடை வந்தால் கிரிக்கெட் என்று ஆசைக்காக ஆடினவர்கள் அவர்கள். அதில் ஒருவர் இரண்டிலும் நாட்டுக்காக ஆடியிருக்கிறார். அவரைப் பாதியாக வெட்டாதீர்கள்.

நம் சென்னை எம்.ஜே. கோபாலனும் இரண்டிலும் இந்தியாவுக்கு ஆடியவர்தான். 1936-இல் ஒலிம்பிக் ஹாக்கியை விட்டுவிட்டு இங்கிலாந்துக் கிரிக்கெட் பயணத்துக்குப் போனார். அங்கே ஒரு டெஸ்ட்கூடக் கிடைக்கவில்லை. பெர்லினிலிருந்து ஹாக்கி அணி தங்கத்தோடு வந்தது. ஒன்றை விடச் சொல்வது சுலபம், விட்டவருக்குத்தான் தெரியும்.

எனக்கும் கொஞ்சம் தெரியும். ஒன்பதாம் வகுப்பில் பி.டி. சார் கூப்பிட்டு, "ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு காலா? ஏதாவது ஒண்ணு வச்சுக்கோ" என்றார். கிரிக்கெட் என்று சொன்னேன். மறுநாள் ஹாக்கி மட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது பிடியில் நான் சுற்றியிருந்த டேப் நுனி பிரிந்து தொங்கியது. ஸ்டோர் ரூம் வாசலில் உட்கார்ந்து, அதைச் சரியாக ஒட்டிவிட்டுத்தான் கொடுத்தேன்.