கம்ப்யூட்டர் பழசுதான், குற்றம் அதன் மேல் இல்லை

“உங்க சிஸ்டம் ரொம்பப் பழசுண்ணே, புதுசு வாங்குனா ஓடும்.” வீட்டு விசேஷ டிவிடி ஓடவில்லை என்று எடுத்துக்கொண்டு போனால் கடைகளில் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள். கொடைக்கானலில்தான் இப்படி என்று மலை இறங்கி வத்தலக்குண்டு போனால் அங்கேயும் இதே பாட்டு.

நான் இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். டிவிடி சந்தைக்கு வந்தது 1996-ல். பென்டியம் 3 கம்ப்யூட்டரில் வைத்துப் படம் பார்த்த தலைமுறை நாம். வீட்டில் போர்வை போர்த்தி வைத்திருக்கும் கோர் 2 டுயோ அதைவிடப் பல மடங்கு வேகம். அதற்கு டிவிடியை ஓட்டத் தெம்பு இல்லை என்று யாராவது சொன்னால், பிரச்சினை எங்கே என்று அவர் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

முதல் சிக்கல் விண்டோஸ்தான். டிவிடியில் இருக்கும் படம் எம்பெக்-2 என்ற முறையில் சுருக்கப்பட்டது. அதைப் பிரித்துக் காட்டும் டீகோடருக்குக் காப்புரிமைக் கட்டணம் உண்டு. அதனால் விண்டோஸ் எக்ஸ்பியில் அது சேர்ந்து வராது, பவர்டிவிடி மாதிரி ஒரு பிளேயர் மென்பொருளைத் தனியாகப் போட வேண்டும். விண்டோஸ் 7-லும் ஸ்டார்ட்டர், ஹோம் பேசிக் பதிப்புகளில் கிடையாது. வேடிக்கை என்னவென்றால் விண்டோஸ் 10-லும் கிடையாது! ஆக, கடைக்காரர் சொன்னபடி புதுசு வாங்கினாலும், அதில் டிஸ்க் போட டிரைவே இருக்காது என்பதை விடுங்கள், இருந்தாலும் தானாக ஓடாது. அமெரிக்காவில் அந்தக் காப்புரிமைகளில் கடைசியானதும் 2018-லேயே முடிந்துவிட்டது. ஆனாலும் நிலைமை அப்படியேதான் இருக்கிறது.

இதற்குத் தீர்வு காசு இல்லாமல் கிடைக்கிறது. விஎல்சி பிளேயர். பாரிஸ் பக்கம் ஒரு கல்லூரியின் மாணவர்கள் தொடங்கி, 2001-ல் எல்லோருக்கும் திறந்துவிட்ட மென்பொருள். டீகோடர் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது. அதன் 3.0 வரிசை விண்டோஸ் எக்ஸ்பியிலும் ஓடுகிறது. எக்ஸ்பிக்கு 2014-லேயே பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டதால், அந்த மெஷினை நெட்டில் இணைக்காமல், வேறு கம்ப்யூட்டரில் இறக்கி பென்டிரைவில் கொண்டுபோய்ப் போடுவது நல்லது. டிஸ்கைத் திறந்தால் ‘வீடியோ டிஎஸ்’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதை அப்படியே ஹார்ட் டிஸ்கில் காப்பி செய்து விஎல்சியில் திறந்தால் போதும். நம் வீட்டு டிஸ்கில் சினிமா டிவிடியில் இருக்கும் பூட்டு எதுவும் இல்லை, ஆகவே எதையும் உடைக்க வேண்டியதும் இல்லை.

படம் வருகிறது, ஆனால் விக்கி விக்கி ஓடுகிறது என்றால்? அதற்கும் உடனே “பழசு” என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். எக்ஸ்பியில் ஒரு குணம் உண்டு. கீறல் விழுந்த டிஸ்கைப் படிக்கும்போது தவறுகள் சேர்ந்துகொண்டே போனால், அது டிரைவை டிஎம்ஏ என்ற வேகமான முறையிலிருந்து பிஐஓ என்ற மெதுவான முறைக்கு இறக்கிவிடும். அதற்கப்புறம் நல்ல டிஸ்க் போட்டாலும் தானாக மேலே ஏறாது. ஒரு மோசமான டிஸ்கைப் போட்டுப் பார்த்த நாளிலிருந்து எல்லா டிஸ்கும் திக்குகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். டிவைஸ் மேனேஜருக்குப் போய், அந்த டிரைவ் மாட்டியிருக்கும் ஐடிஇ சேனலை அன்இன்ஸ்டால் செய்து, ரீஸ்டார்ட் செய்தால் பழைய வேகம் வந்துவிடும். சில நிமிட வேலை. இதைச் செய்யாமல் எத்தனை நல்ல மெஷின்கள் காயலாங்கடைக்குப் போயிருக்குமோ!

ஆள் அசையும்போது சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகத் தெரிவதும் கம்ப்யூட்டரின் கோளாறு இல்லை. அந்தக் காலத்துக் கேமராக்கள் டிவிக்காக ஒரு ஃபிரேமை இரண்டு பாதியாகப் பிரித்துப் பதிந்தன. விஎல்சியின் வீடியோ மெனுவில் டீஇன்டர்லேஸ் என்பதை ஆன் செய்யுங்கள், கோடு போய்விடும்.

டிஸ்க் காலியாகத் தெரிகிறதா? அங்கேதான் உண்மையான சோகம். சின்ன 8 செ.மீ. டிஸ்கில் நேரடியாகப் பதியும் ஹேண்டிகேம் ஒரு காலத்தில் பிரபலமாக இருந்தது. ஒரு டிஸ்குக்கு 1.4 ஜிபி, நல்ல தரத்தில் அரை மணி நேரம். பதிந்து முடித்ததும் கேமராவிலேயே ‘ஃபைனலைஸ்’ என்று ஒரு வேலை செய்ய வேண்டும். எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை டிஸ்கில் எழுதி மூடுவது அது. அதைச் செய்யாவிட்டால் கேமராவில் ஓடும், கம்ப்யூட்டருக்கு வெறும் டிஸ்காகத் தெரியும். 2006-ல் குறிஞ்சி பூத்தபோது கோக்கர்ஸ் வாக் பக்கமும் மலைச்சரிவிலும் குடும்பம் குடும்பமாக நின்று எடுத்தவர்கள் உண்டு. அந்த டிஸ்குகளில் எத்தனை இப்படி மூடப்படாமலே கிடக்கின்றனவோ தெரியாது. 2018-ல் மறுபடி பூத்தபோது எல்லோர் கையிலும் போன் இருந்தது, 2006-ஐத் தேடுகிறவர்களுக்குத்தான் டிஸ்க் வேண்டும். கேமரா இன்னும் உயிரோடு இருந்தால் அதிலேயே போட்டு ஃபைனலைஸ் செய்துவிடலாம். கேமரா இல்லையென்றால் ஐசோபஸ்டர் மாதிரி மென்பொருளில் முயற்சி செய்யலாம், முழுசாகக் கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. சிலர் டிஸ்கில் ‘டிவிடி ஆர்டிஏவி’ என்ற ஃபோல்டர் இருக்கும். அது வேறு முறையில் பதிந்தது, அதற்குள் இருக்கும் விஆர்ஓ ஃபைலை விஎல்சிக்குக் கொடுங்கள். ஒரு எச்சரிக்கை: டிஸ்கை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும் ஸ்லாட் வகை டிரைவில் இந்தச் சின்ன டிஸ்கைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள், வெளியே வராது.

விசிடி வைத்திருப்பவர்கள் சீக்கிரம் காப்பி எடுத்துக்கொள்வது நல்லது. எம்பெக்-1, 352க்கு 288 அளவு, எந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டருக்கும் அது தூசு. ஓட்டுவது சுலபம், காப்பாற்றுவதுதான் கஷ்டம். சாதாரண டேட்டா சிடியில் பிழை திருத்தத்துக்கென்று ஒதுக்கும் இடத்தையும் விசிடியில் படத்துக்கே கொடுத்துவிட்டார்கள். அதனால்தான் 700 எம்பி டிஸ்கில் 800 எம்பி அளவு ஃபைல் நின்றது. அதே காரணத்தால்தான் கீறல் விழுந்த இடத்தில், படம் இருக்கும் ‘டேட்’ ஃபைல் காப்பி ஆகாமல் நின்றுபோகிறது. பிளேயரில் ஒரு கணம் கட்டம் கட்டமாகத் தெரிந்து கடந்துவிடும், எக்ஸ்புளோரர் மட்டும் பிடிவாதமாக நின்றுவிடும். ஐசோபஸ்டரில் கெட்ட இடங்களைத் தாண்டச் சொல்லி எடுக்கலாம்.

நம் மலைக்கு என்று தனியாக ஒரு விஷயம். ஈரம். வீட்டில் வீடியோ கேசட் வைத்திருந்தவர்களுக்குப் பூஞ்சை பிடிப்பது தெரியும், கேமரா லென்ஸ்காரர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். எழுதும் டிஸ்கில் படம் நிற்பது ஒரு மெல்லிய சாயப் பூச்சில். அதற்கு வெயிலும் ஆகாது, ஈரமும் ஆகாது. ஜன்னலோரம், அடுப்பங்கரைச் சுவர் அலமாரி இரண்டும் வேண்டாம். டிசம்பர் குளிரில் கிடந்த மெஷினை ஹீட்டர் போட்ட அறைக்குக் கொண்டுவந்தால் டிரைவின் லென்ஸில் பனி படியும், கொஞ்ச நேரம் விட்டுப் போடுங்கள். இதே ஊர் வானாய்வகத்தில் நூறு வருஷத்துக்கு மேலாகச் சூரியனைப் படம்பிடித்த தகடுகளையும் பிலிம்களையும் காப்பாற்றி டிஜிட்டலாக்கி வைத்திருக்கிறார்கள். நம் தேரோட்ட டிவிடி இருபது வருஷம் தாங்காது என்று ஏன் கைகழுவ வேண்டும்?

சரி, இப்போது என் உண்மையான கோபத்துக்கு வருகிறேன். ஓட்டுகிறவர்களிடம் குறை சொல்வதை விட்டுவிட்டு, டிவிடி செய்து கொடுக்கிற வீடியோக்காரர்கள் கொஞ்சம் யோசிக்கலாம். இரட்டை அடுக்கு டிஸ்கில் மூன்று மணி நேரத்தைத் திணித்து, இருப்பதிலேயே அதிக வேகத்தில் எழுதி, விலை குறைந்த டிஸ்கில் மாப்பிள்ளை பெண் படத்தை ஒட்டிக் கொடுத்தால் அது எந்த டிரைவில் ஒழுங்காக ஓடும்? ஒட்டிய காகிதமே சுற்றும்போது டிஸ்கை ஆட்டும். சாதாரண டிவிடி-ஆர், நம் நாட்டு டிவி முறையான பிஏஎல் அளவில் 720க்கு 576, வினாடிக்கு 5 மெகாபிட் சுமார், ஒரு டிஸ்குக்கு இரண்டு மணி நேரம், நிதானமான வேகத்தில் எழுதுவது, மறக்காமல் ஃபைனலைஸ். இப்படிச் செய்தால் மன்னவனூரில் இருக்கும் பழைய மெஷினிலும் ஓடும், பிள்ளைகள் இருக்கும் பெங்களூரிலும் ஓடும்.

இன்றைக்கு டிஸ்க் போய் பென்டிரைவ் வந்துவிட்டது, பழக்கம் மட்டும் மாறவில்லை. 4கே, எச்.265 என்ற புதுச் சுருக்கும் முறை, அறுபது ஜிபி. 2011-ல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப்தான் பல வீடுகளில் இருக்கும் ஒரே கம்ப்யூட்டர். அதில் இதைப் போட்டால் சத்தம் ஒரு பக்கம், படம் ஒரு பக்கம். எச்.265-ஐ வன்பொருளிலேயே பிரிக்கும் வசதி இன்டெல் சிப்களில் 2015 வாக்கில்தான் முழுதாக வந்தது. ஆகவே ஆல்பத்துக்குப் பணம் கட்டும்போதே, அதற்கு முந்தைய முறையான எச்.264-ல் 720பி அளவில் ஒரு பிரதி கூடவே வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். அவர்களுக்கு ஒரு கிளிக், மீதியைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் யாரிடமாவது நல்ல கம்ப்யூட்டர் இருந்தால் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் மாற்றிக்கொள்ளலாம், இதுவும் இலவசம்தான். பழைய டிவிடியை மட்டும் அவசரப்பட்டு மாற்றாதீர்கள். மாற்றும் ஒவ்வொரு முறையும் தரம் கொஞ்சம் போகும், அசல் ஃபோல்டரை அப்படியே இரண்டு இடத்தில் வைத்துவிட்டு அப்புறம் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள்.

பூம்பாறை, பண்ணைக்காடு, பெருமாள்மலைப் பக்கம் யாரிடமாவது ஃபைனலைஸ் ஆகாத சின்ன டிஸ்கும் அதே கேமராவும் இருந்தால் கமென்டில் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வரும்போது கொண்டுவந்தால் பார்த்துத் தருகிறேன். கேமரா சார்ஜர் முக்கியம், அதை மறந்துவிட்டு வந்தால் நான் ஒன்றும் செய்ய முடியாது.